புகார் எதுவும் இல்லை

ஏல்மர், ஒன்டாரியோ
மார்ச் 9, 1998

இல்லை அக்கா, அப்பா நம்மைக் கொடுமைப்படுத்தினார் என்று நான் சொல்லவில்லை. அளவாக அடித்தார் என்றுதான் சொன்னேன். நேர்காணலுக்கு வந்த பெண்மணியின் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

“அளவான்னா?”

“மத்த வீடுகள்ல அடிச்ச அளவு.”

“எதால?”

“சேணத்து வாரால.”

நம் ஊரில் இது ஒரு பதிலே இல்லை. இன்று காற்று அடித்தது என்பது போல. இங்கே அரைப் பக்கம் ஆயிற்று. நான் அப்பாவை விற்றுவிட்டேன் என்று பீட்டர்ஸ் குடும்பம் அங்கே வந்து சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர்கள் காரில் மூன்று நாள் பயணம் செய்து கொண்டுவந்த செய்தி இது. வழியில் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

நடந்ததை எழுதுகிறேன். தம்பி ஆப்ராம் இறந்தது விபத்துதான். பனிச்சாலை, டிரக் சறுக்கியது, அவ்வளவே. அவன் குடித்திருக்கவில்லை. அவன் மகள் சூசியின் அம்மா, குழந்தை வேண்டாம் என்று முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவள். ஆக, நம் தம்பி மகள், ஐந்து வயது, இப்போது நகரத்தில் ஓர் ஆங்கிலத் தம்பதி வீட்டில் இருக்கிறாள். நல்ல மனிதர்கள். நீச்சல் சொல்லித்தருகிறார்கள். அவளைத் தத்தெடுத்துக்கொள்ளவும் தயார். ஆனால் ரத்த உறவில் தகுதியான ஆள் இருந்தால் அந்த ஆளுக்கு முதல் உரிமை. நான் தகுதியா என்று பார்க்கத்தான் இந்த நேர்காணல்கள்.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து மிஸ் ஹாலோரன் என்பவர் வருகிறார். குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தார். மாத்திரைகளை எந்த உயரத்தில் வைத்திருக்கிறேன் என்று பார்த்தார். அது சுலபமாக இருந்தது. பிறகு சமையலறை மேஜையில் எதிரே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். நீங்கள் யார்? சின்ன வயதில் பயந்தால் யாரிடம் போவீர்கள்? உங்களை யார் பாராட்டினார்கள்? உங்களிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன? ஒரு குழந்தைக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போக விரும்புகிறீர்கள்?

இருபது வயது வரை என்னிடம் கேட்கப்பட்டவை: கன்றுக்குத் தண்ணீர் காட்டினாயா. விளக்கில் எண்ணெய் இருக்கிறதா. பிறகு சபையின் வினாவிடைப் புத்தகம். அதில் கேள்விக்குக் கீழேயே பதில் இருக்கும். நீயும் நானும் அதை முழுக்க மனப்பாடம் செய்தோம். ஞானஸ்நானத்துக்கு முந்தைய வாரம் நான் ஓடிப்போனேன். பதில் எதையும் மறந்ததால் அல்ல.

அன்று மிஸ் ஹாலோரன் கேட்டபோது நான் செய்தது என்ன தெரியுமா? அவர் கையிலிருந்த காகிதத்தின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தேன். பதில் எங்கே என்று.

பல்கலைக்கழகத்தில் இதே மாதிரிக் கேள்விகளை மற்றவர்களிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு பருவம் முழுக்கப் படித்தவள் நான். நாற்காலியை எந்தக் கோணத்தில் போடுவது என்பதுகூடத் தெரியும். என் முறை வந்தபோது, உங்களிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன என்பதற்கு, “விசேஷமா ஒண்ணுமில்ல” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு காரியம் வேண்டும். என்னோடு வளர்ந்தவர் ஒருவரிடம் அவர்கள் பேச வேண்டுமாம். அப்பாவும் அம்மாவும் இல்லை. நீதான். ஈஸ்டருக்குப் பிறகு வரும் செவ்வாய் காலை, நெடுஞ்சாலையில் டோன் எஃப்ராயின் கடைத் தொலைபேசிக்குக் கூப்பிடுவார்கள். வீட்டு மொழி தெரிந்த திருமதி தீஸென் நடுவில் இருந்து மொழிபெயர்ப்பார். இசாக் அத்தானிடம் கேட்டுக்கொள். மனதில் உள்ளதைச் சொன்னால் போதும்.

நேத்தா


குரூன்ஃபெல்ட், சிவாவா, மெக்சிகோ
ஏப்ரல் 19

அன்புள்ள தங்கை நேத்தாவுக்கு,

நாங்கள் யாரும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இன்னும் மழை இல்லை. புழுதி கதவிடுக்கு வழியாக வந்து மாவில் விழுகிறது. சிவப்புப் பசு ஈன்றது, கிடாரி. ஹெலீனாவுக்குக் கண் வலி வந்து போய்விட்டது.

முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். சூசியைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. எட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் மேஜையில் ஒன்பதாவது தட்டு யாருக்கும் தெரியாது. அவளுக்கு அண்ணன்மார் இருப்பார்கள், பள்ளி இருக்கிறது, சபை இருக்கிறது. உன் வீட்டில் நீயும் புத்தகங்களும் இருக்கிறீர்கள். நீ நூலக வேலைக்குப் போனபின் அந்தப் பிள்ளை யாரோடு பேசும்? அரசாங்கம் எல்லையைத் தாண்டிப் பிள்ளையை அனுப்பாது என்று நீ முன்பு எழுதினாய். எழுதியதை நம்புகிறேன். ஆனால் வருத்தம் வருத்தம்தான்.

தொலைபேசிக்குப் போனேன். இசாக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் குதிரையைப் பூட்டித் தந்தார். நான் அதுவரை அந்தக் கருவியைக் காதில் வைத்தது இல்லை. கடையில் யாஷ் கீஸ்பிரெக்ட் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கடை மேஜை ஓரமாக ஊர்ப் பையன்கள் இருவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு நின்றார்கள். நகரவே இல்லை.

திருமதி தீஸென் நம் பேச்சை நன்றாகப் பேசுகிறார், கனடாவில் மானிட்டோபாப் பக்கத்து இழுவை கொஞ்சம் இருக்கிறது.

“உங்க தங்கச்சியப் பத்தி உங்க வார்த்தைல சொல்லுங்கம்மா.”

“வேற யார் வார்த்தைல சொல்றது?”

“அவங்ககிட்ட இருக்கிற நல்ல குணம்?”

“சோம்பேறி இல்ல.”

“வேற?”

“பொய் சொல்ல வராது. சொன்னா காது சிவந்துரும்.”

“உங்க பிள்ளைகள அவங்க பொறுப்புல விடுவீங்களா?”

இதற்கு நான் நிதானமாக யோசித்தேன். எட்டில் யாரை? எவ்வளவு காலம்? நீ ஞானஸ்நானம் பெறாதவள், இசாக் என்ன சொல்வார்? சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. “ஏன் விடக்கூடாது?” என்றேன்.

“அவங்க மேல உங்களுக்குப் பாசம் உண்டா?”

நேத்தா, கடையில் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆணி விழும் சத்தமும் நின்றுவிட்டது. “கூடப் பொறந்தவ” என்றேன்.

“கடைசியா எதாவது சொல்லணுமா?”

“அவ மேல புகார் எதுவும் இல்ல.”

டோன் எஃப்ராயின் காசு வாங்கவில்லை. “என்ன யுஸ்தீனா, கனடாவுல உன்ன வேலைக்கு எடுக்கப் போறாங்களா?” என்று சிரித்தார். ஆனாலும் நன்றாகச் சொன்னேன் என்ற நினைப்போடுதான் வண்டி ஏறினேன்.

உன் அக்கா
யுஸ்தீனா வீபெ


ஏல்மர்
மே 11

அக்கா,

அறிக்கையில் உன்னைப் பற்றிய பகுதியை மிஸ் ஹாலோரன் எனக்குப் படித்துக் காட்டினார். எழுதுகிறேன், வார்த்தைக்கு வார்த்தை. “மூத்த சகோதரி விலகியே பேசினார். விண்ணப்பதாரரின் நிறைகளைக் கேட்டபோது இரண்டு குறைகள் இல்லை என்றார். தம் பிள்ளைகளை ஒப்படைப்பாரா என்ற கேள்விக்கு மிக நீண்ட மௌனம். பாசம் பற்றிய கேள்வியைத் தவிர்த்தார். முடிவாக, புகார் கொடுக்க விரும்பவில்லை என்றார்.”

கொடுக்க விரும்பவில்லை. கொடுப்பதற்கு ஏதோ இருப்பது போல.

நீ வேண்டுமென்றே செய்தாயா? சூசி உன்னிடம் வர முடியாது என்றால் என்னிடமும் வரக்கூடாது என்று? கேட்கிறேன், கேட்டுவிட்டேன். அந்த மேஜையில் ஒன்பதாவது தட்டு பற்றி எவ்வளவு நீளமாக எழுதியிருந்தாய். என்னைப் பற்றிச் சொல்ல, சோம்பேறி இல்லை.

மிஸ் ஹாலோரன் கெட்டவர் இல்லை. களைத்தவர். அவர் மேஜையில் என்னைப் போல் நாற்பது பேர் இருப்பார்கள். “உங்க குடும்பத்துல யாரும் யாரையும் நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களா?” என்றார். இல்லை என்றேன். உண்மை அதுதானே. பெருமை பாவம், அடுத்தவரைப் பெருமைப்பட வைப்பது அதைவிடப் பெரிய பாவம். இதை விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நானே ஒரு கருத்தரங்கில் பேசுவது போலக் கேட்டது. நிறுத்திவிட்டேன். அவர் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: “எனக்கு உங்க ஊரப் பத்தித் தெரிய வேண்டாம். ராத்திரி பயந்து எந்திரிக்கிற பிள்ளைகிட்ட நீங்க என்ன சொல்வீங்க, அது தெரியணும்.”

எனக்குத் தெரியவில்லை. யாரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

ஜூலையில் கடைசி நேர்காணல். அதற்குள் எதுவும் மாறாவிட்டால் கோப்பு அந்தத் தம்பதி பக்கம் போகும். அவர்களுடைய பதில்களை யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் பதில்களோடு பிறந்தவர்கள்.

சனிக்கிழமைகளில் சூசியை ஒரு மணி நேரம் பார்க்கவிடுகிறார்கள். கம்பளத்தில் உட்கார்ந்து கட்டைகள் அடுக்குவாள். ஆப்ராமின் நெற்றி. என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் இதையும் எழுதிக்கொள்கிறாள்.

நே.


குரூன்ஃபெல்ட்
ஜூன் 7

நேத்தா,

உன் கடிதத்தை அடுப்பில் போட எடுத்தேன். போடவில்லை. நான்கு நாள் மாவுப் பானைக்குப் பின்னால் கிடந்தது.

வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்கிறாய். அம்மாவை அடக்கம் செய்த அன்று நீ இங்கே இருந்தாய். மூப்பர் பிரசங்கத்தின் முடிவில் என்ன சொன்னார்? “இந்தச் சகோதரி மேல் சபைக்குப் புகார் எதுவும் இல்லை.” அதைக் கேட்டதும் அப்பா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பி நின்றாரே. அப்பா அழுததை நாம் பார்த்தது அந்த ஒரு முறை. என்னிடம் இருந்ததிலேயே பெரிய வார்த்தையை உனக்காக அந்தக் கடையில் எடுத்து வைத்தேன். அது அங்கே செல்லாது என்று எனக்கு எப்படித் தெரியும்? அங்கே போய் இவ்வளவு காலம் ஆன உனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். மனதில் உள்ளதைச் சொன்னால் போதும் என்று எழுதினாயே.

சரி. கோபம் போதும். எனக்குச் சோர்வாக இருக்கிறது, மழை வேறு இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். கேள்வி இருக்கிறது, பதில் இல்லை, அதுதானே உன் கஷ்டம்? பதிலை நான் எழுதித் தருகிறேன். சின்ன வயதில் செய்தது போல நீ மனப்பாடம் செய். மனப்பாடத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை, இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உன்னைப் பற்றி நீயே சொன்னால் பெருமை, நான் சொன்னால் முகஸ்துதி. காகிதம் சொன்னால் யார் மேலும் பாவம் இல்லை.

நீங்கள் யார்?
நான் குரூன்ஃபெல்ட் பீட்டர் ஃபேரின் இரண்டாவது மகள் அகனேத்தா. மாட்டுத் தோல் காலணி போட்டு வளர்ந்தேன். ஊரை விட்டுப் போனேன். போனவர்களில் கடிதம் எழுதுவதை நிறுத்தாதவள் நான் ஒருத்திதான்.

உங்களை யார் பாராட்டினார்கள்?
யாரும் இல்லை. ஆனால் என் அம்மா ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸ் மாவை வெட்ட என்னிடம் மட்டும்தான் கத்தியைக் கொடுத்தார். என் அக்கா மூத்தவள். அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் வெட்டினால் பட்டையாக வரும்.

பயந்தால் யாரிடம் போவீர்கள்?
யாரிடமும் போனதில்லை. என்னிடம்தான் வந்தார்கள். இடி இடித்தால் என் அக்கா, என்னைவிட ஐந்து வயது பெரியவள், கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நானும் அடியில் நுழைந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்வேன். இடி நிற்கும்வரை சொல்வேன். அதனால் அவளுக்கு இன்றும் ஏழாம் வாய்ப்பாடு மட்டும் நன்றாக வரும்.

உங்களை அப்பா எதற்காக அடித்தார்?
இந்தக் கேள்வியை அந்தப் பெண்மணி கேட்டதாக நீ எழுதவில்லை. எப்படி அடித்தார், எதால் அடித்தார் என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது என்று எனக்குப் படுகிறது. பதிலை எழுதுகிறேன்.

படுக்கையை நனைத்ததற்காக அடித்தார். நான் நனைக்கவில்லை. ஆப்ராம் நனைத்தான். அவனுக்கு ஐந்து வயது, நானோ பெரிய பெண். அப்பா மாடு கறக்க எழுந்திருப்பதற்கு முன்னால் நான் அவன் விரிப்பை என் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, வாளித் தண்ணீரில் என் இரவு உடையை நனைத்துப் போட்டுக்கொண்டு நிற்பேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படி. ஆப்ராமுக்கு இது கடைசிவரை தெரியாது. அக்காவுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியாது.

தெரியும், நேத்தா. அந்த வாளியை முந்தின மாலையே நிரப்பி வாசல் பக்கம் வைத்தது நான்தான். வேறு எதுவும் செய்யவில்லை. அதை மட்டும் செய்தேன்.

ஒரு குழந்தைக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போக விரும்புகிறீர்கள்?
இதற்கு எனக்கு எழுத வரவில்லை. மூன்று முறை ஆரம்பித்தேன். வினாவிடைப் புத்தகத்தில் பார்த்தேன், அங்கே பதில் இருந்தது, ஆனால் அது நீ சொல்ல மாட்டாய் என்று தெரியும். இதை நீயே எழுது.

வறுத்த பன் கொஞ்சம் பீட்டர்ஸ் வீட்டார் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர்களிடம் எதுவும் பேசாதே.

யுஸ்தீனா


ஏல்மர்
ஜூன் 25

அக்கா,

வாளி தானாக நிரம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன்.

உன் காகிதத்தை மிஸ் ஹாலோரனிடம் கொடுத்தேன். திருமதி தீஸென் படித்துச் சொன்னார். மிஸ் ஹாலோரன் தலையை ஆட்டினார். “இத நான் கோப்புல வைக்க முடியாது. அவங்க எழுதினாங்களா, நீங்க எழுதினீங்களா? அவங்க வாயாலயே சொல்லணும்” என்றார். நம்பாமல் சொல்லவில்லை. மேலே யாரோ கேட்பார்கள் என்று சொன்னார். அவருக்கும் ஒரு மேலே இருக்கிறது.

ஜூலை ஏழாம் தேதி, செவ்வாய், அதே நேரம்.

கடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாவு வரும் நாள். பாதி ஊர் நிற்கும். அப்பாவைப் பற்றி அந்நியரிடம், அதுவும் ஊரை விட்டுப் போனவளுக்காக, தொலைபேசியில். அதன் பிறகு உனக்கு என்ன வரும் என்றும் தெரியும். முடியாது என்றால் போகாதே. போகாவிட்டால் நான் எதுவும் நினைக்க மாட்டேன். இப்போதெல்லாம் எதுவும் நினைக்காமல் இருப்பதே எனக்கு நன்றாக வருகிறது.

மே மாதக் கடிதத்தின் நடுப்பகுதியை அடித்துவிடு.

சூசி சனிக்கிழமை ஒரு கட்டையை என் மடியில் வைத்தாள். விழுந்திருக்கலாம்.

நேத்தா


குரூன்ஃபெல்ட்
ஜூலை 26

அன்புள்ள நேத்தா,

கடைசியில் மழை வந்தது. கூரை ஒழுகுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். பெரியவன் காலில் ஆணி ஏறியிருந்தது, இப்போது நடக்கிறான்.

போனேன். இசாக்கிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். “போகாதன்னு சொன்னா?” என்றார். “அப்ப நடந்து போவேன்” என்றேன். போய்க் குதிரையைப் பூட்டினார். திருமணமான இத்தனை வருடத்தில் அவரை எதிர்த்து நான் பேசிய நீளமான வாக்கியம் அது.

நீ சொன்னது போல மாவு நாள். கடை நிறைய ஆட்கள். மூப்பரின் மருமகளும் நின்றாள். டோன் எஃப்ராயின் என்னைப் பார்த்ததும் வானொலியை அணைத்தார். அணைக்காமல் இருந்திருக்கலாம்.

கட்டிலை, விரிப்பை, வாளியை எல்லாம் சொன்னேன். நடுவில் திருமதி தீஸென் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து “ஹலோ, ஹலோ” என்று கத்தினேன்.

“இருக்கேம்மா. கொஞ்சம் இருங்க” என்றார். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அந்தப் பெண்மணி கேட்டார்: “அப்ப உங்க அப்பா அடிச்சாரு.”

“அடிச்சாரு.”

“ரொம்பவா?”

“அந்த அடி அவளுக்குள்ளது இல்ல. அதனால ரொம்பத்தான்.”

“தங்கச்சியப் பத்திக் கடைசியா எதாவது?”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே கயிறும் லாடமும் தொங்கின. அவற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “அவ நல்லவ.” நம் ஊரில் நல்லது என்று மாட்டைச் சொல்வோம், நிலத்தைச் சொல்வோம். மனிதரைச் சொல்லிக் கேட்டதில்லை. என் காதுக்கே யாரோ பேசுவது போல இருந்தது. பின்னால் யாஷ் கீஸ்பிரெக்ட் “பாருய்யா” என்றார், அவ்வளவுதான். மூப்பரின் மருமகள் மாவு வாங்காமலே போய்விட்டாள்.

வியாழக்கிழமை பிரசங்கியார்கள் இருவர் வந்தார்கள். உட்காரவில்லை. இறந்த தகப்பனை அந்நியரிடம் இழிவுபடுத்தியது ஒரு குற்றம், ஊரை விட்டுப் போனவளை உயர்த்தியது இன்னொன்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். நின்றேன். தொலைபேசியில் அதிகம் பேசிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். அது உண்மை. சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் அதைக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் இசாக் எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். அவர் கைகொடுத்து ஏற்றிவிடுகிற ஆள் இல்லை. நான் விழவும் போவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் மேஜையில் ஒன்பதாவது தட்டு யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தேன். கூரை ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்துக்கொண்டே அதை யோசித்தேன். யாருக்கும் தெரியாமல் இருப்பது அவ்வளவு நல்லதா? நம் மூன்று பேரில் யார் எப்போது பயந்தோம் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? உன் வீட்டில் பிள்ளைக்கென்று ஒரே தட்டு இருக்கும். அது கண்ணில் தெரியும்.

என்ன ஆயிற்று என்று எழுது. நல்லதோ கெட்டதோ.

யுஸ்தீனா

பின்குறிப்பு: என் பிள்ளைகளை உன்னிடம் விடுவேன். எட்டையும். அன்று யோசித்துக்கொண்டிருந்தது போக்குவரத்தைப் பற்றித்தான்.


ஏல்மர்
செப்டம்பர் 6

அக்கா,

தாமதம். எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், பல முறை.

கடைசி நேர்காணலில் மிஸ் ஹாலோரன் பழைய காகிதத்தையே கொண்டுவந்தார். மேலே இருந்து ஆரம்பித்தார். உன் பதில்களை மனப்பாடம் செய்திருந்தேன். பாதிக்கு மேல் சொல்லவில்லை. நீங்கள் யார் என்பதற்கு, கடிதம் எழுதுவதை நிறுத்தாதவள் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனா நிற்கவில்லை.

பயந்து எழுந்திருக்கிற பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள் என்று மறுபடி கேட்டார்.

“ஏழாம் வாய்ப்பாடு.”

“அதுல என்ன ஆறுதல் இருக்கு?”

“தெரியல. ஆனா வேலை செய்யும்.”

அவர் சிரித்தார். இந்த ஆறு மாதத்தில் முதல் முறை. சிரித்தபோதுதான் எவ்வளவு களைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

கடைசிக் கேள்வி, நீ வெறுமையாக விட்டது. நானும் வெறுமையாகவே கொண்டுபோயிருந்தேன். “இன்னும் தெரியல. அவ வந்தப்பறம் பாக்கணும்” என்றேன். தவறான பதில் என்று நினைத்தேன். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஆம் என்றார்கள். நான் நன்றி சொன்னேன். பிறகு நின்றுகொண்டே இருந்தேன். சந்தோஷம் வர நேரம் எடுக்கும் போல. இன்னும் வழியில் இருக்கிறது.

அந்த ஆங்கிலத் தம்பதி அவளை அவர்களே கொண்டுவந்து விட்டார்கள். கணவர் பெட்டியை இறக்கினார், அவர் மனைவி காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கை அசைத்தார். அவர்கள் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

சூசியை மேஜையில் உட்கார வைத்தேன். நூடுல்ஸ் செய்தேன். மெல்லிசாக வெட்டினேன். சாப்பிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள், ஈர உடையோடு. விரிப்பைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்திருந்தாள். எங்கே ஒளிப்பது என்று தெரியாத வீடு. அழவில்லை. ஆப்ராமின் நெற்றி, ஆப்ராமின் கால்கள்.

“அடிப்பீங்களா?” என்று கேட்டாள். ஆங்கிலத்தில், மிகச் சாதாரணமாக, நேரம் என்ன என்று கேட்பது போல. அந்தத் தம்பதி அடித்திருக்க மாட்டார்கள். ஆப்ராம் அடித்தானா? அவனை அடி படாமல் காப்பாற்றியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் கேட்பது? கேட்கவில்லை. தெரியாமலே இருக்கட்டும், இப்போதைக்கு.

“மாட்டேன்” என்றேன். அது போதவில்லை. அவள் அப்படியே நின்றாள். என் காதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்றுகூடத் தோன்றியது.

“உங்கப்பாவும் சின்னதுல இப்படித்தான்” என்றேன்.

“அப்பாவா?”

“உன்ன மாதிரியே.”

“திட்டு வாங்கினாரா?”

“இல்ல.”

பிறகு விரிப்பை என்னிடம் கொடுத்தாள்.

அதைத் துவைத்தேன். நம் வீட்டில் இதைத் தொழுவத்துக்குப் பின்னால்தான் காயப்போடுவோம். நான் வாசலுக்குக் கொண்டுபோய், தெருப் பக்கக் கொடியில், வெயில் படும்படி விரித்துப் போட்டேன். சூசி கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தாள்.

நேத்தா